கட்டைவிரல் வரும்வரை

கை அறுவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவருக்கும் கை நடுங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நடுங்கியது. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய நூலில் தைக்க வேண்டியிருந்ததால் மூச்சை அடக்கி, வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தோம். என் பணிக்காலத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அது ஒன்றுதான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தைப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கையில் ஊசி எடுப்பதற்கு முன்னால் நடக்கிற கூத்துகளைப் பற்றித்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. விரல் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

எங்கள் ஆஸ்பத்திரி தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தெற்கே மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் பட்டறைகள் மழைக்காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. கார் செய்ய ஒரு கம்பெனி வந்தால், அதன் கதவுக்குக் கைப்பிடி செய்ய ஒரு கம்பெனி வரும். அந்தக் கைப்பிடியை அடுக்கி அனுப்ப மரப்பெட்டி செய்கிற பட்டறை ஒன்று வரும். எல்லாவற்றின் சுவரிலும் 'பாதுகாப்பே முதல்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து எங்களிடம் வந்தார். 'மு' வரைக்கும் எழுதிவிட்டாராம்.

விபத்துக்குக் காரணம் 'கவனக்குறைவு' என்று எழுதுவது நம் வழக்கம். நானும் எழுதிக் குவித்திருக்கிறேன். ஆனால் கவனமே இல்லாமல் விரலை இழந்த ஆளை நான் பார்த்தது குறைவு. எல்லோரும் நல்ல கவனத்தோடுதான் இருந்தார்கள். அந்தக் கவனம் வேறு எதன் மேலோ இருந்தது, அவ்வளவுதான்.

துண்டான விரல் வந்து சேர்கிற விதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஊறுகாய் பாட்டிலில் உப்புப் போட்டு வரும். சொம்புப் பாலில் மிதந்து வரும். ஜூஸ் கடை ஐஸில் நேராகப் புதைத்து, ரயில்வே ஸ்லீப்பர் கட்டை மாதிரி விறைத்துப்போய் வரும். ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். 'எங்கே விரல்?' என்று கேட்டதும் பதற்றத்தில் பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். 'சுத்தமான ஈரத்துணியில் சுத்துங்க, பாலிதீன் பையில போட்டு இறுக்கிக் கட்டுங்க, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க, விரலு ஐஸைத் தொடக்கூடாது' என்கிற வாக்கியத்தை என் மனைவி பெயரைவிட அதிக தடவை சொல்லியிருப்பேன். தூக்கத்தில்கூடச் சொல்வதாக அவள் புகார் செய்ததுண்டு.

நம் தொழிலில் ஆபத்தான நாள் எது என்று கேட்டால் தீபாவளி என்பீர்கள். அது கண் டாக்டர்களுக்கு உரியது. நம்முடைய நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது சாஸ்திரம். ஓடக்கூடாத மெஷினை 'ஒரே ஒரு தடவை, சும்மா சாஸ்திரத்துக்கு' என்று ஓட்டுவது சம்பிரதாயம். இரண்டுக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படி ஓர் ஆயுத பூஜை மதியம் எங்கள் ஆபரேஷன் தியேட்டரிலும் பூஜை நடந்து முடிந்திருந்தது. தியேட்டர் பொறுப்பு சிஸ்டர் கண்டிப்பானவர். டாக்டர்களை அவர் நம்பியதில்லை. சாமியை மட்டும், அதுவும் கண்காணிப்போடு, நம்புவார். கத்தரி, இடுக்கி, விளக்கு, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நுண் அறுவைக்கு வைத்திருந்த ஒரே மைக்ராஸ்கோப்புக்குச் சாமந்தி மாலை. அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே, நெற்றி என்று அவர் தீர்மானித்த இடத்தில், குங்குமம். நான் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தேன். மயக்க மருந்து டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாயங்காலம் அவருக்குத் தாம்பரத்தில் ரயில். மனைவி ஸ்டேஷனுக்கு நேராக வந்துவிடுவதாக ஏற்பாடு.

அப்போது போன் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மரப்பெட்டிப் பட்டறை வைத்திருந்த முதலாளி. என் எண்ணைப் போனில் பதிந்து வைத்திருக்கிற அளவுக்கு எங்களுக்குள் பழக்கம் இருந்தது. அது பட்டறைக்கு நல்ல அடையாளம் அல்ல.

"டாக்டர், ஒரு சின்ன இன்சிடென்ட்."

"எது போச்சு?"

"சேச்சே. ஆளு தெம்பா இருக்கான். வண்டியில பக்கத்துலதான் உக்காந்திருக்கான், வந்துக்கிட்டே இருக்கோம். கட்டைவிரல் மட்டும்..."

"மட்டும்?"

"காணோம் டாக்டர்."

முதலாளிகள் அகராதியில் விரல் போனால் இன்சிடென்ட், கை போனால் ஆக்சிடென்ட், மெஷின் போனால்தான் பேரிழப்பு.

நடந்ததைப் பிற்பாடு பல வாய்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தேன். முந்தைய வருடம் பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். அதில் வழுக்கி, பைக்கில் வந்த ஒருவர் விழுந்து தகராறு ஆகிவிட்டது. முதலாளி பாதுகாப்பில் அக்கறை உள்ளவர். இந்த வருடம் ரோட்டில் உடைக்கக்கூடாது, உள்ளேயே அறுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். எதில் அறுப்பது? பலகை அறுக்கிற வட்ட ரம்பம் இருக்கிறது. மெஷினுக்குப் பலி கொடுத்த மாதிரியும் ஆயிற்று, ரோட்டில் யாரும் விழவும் மாட்டார்கள். ஒரே பூசணிக்காயில் இரண்டு புண்ணியம்.

அந்த ரம்பத்தின் பல்லை மூடிக்கொண்டு ஒரு இரும்புக் கவர் இருக்கும். கை உள்ளே போகாமல் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. காலையில் அதைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, பொட்டு வைத்து, மற்ற ஆயுதங்களோடு பூஜையில் வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாது. ஆகவே கையைக் காப்பாற்ற வேண்டிய கவர் மாலை போட்டுக்கொண்டு சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்க, ரம்பம் மொட்டையாக ஓடியது.

பூசணிக்காயைத் தள்ள பாஸ்கரைக் கூப்பிட்டார்கள். பட்டறையில் அனுபவம் அதிகம் உள்ள ஆள் அவர்தான். பலகை தட்டை. பூசணிக்காய் உருண்டை. மேலே துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் அடைத்த உருண்டை. பல்லில் பட்டதும் அது பம்பரமாகச் சுழன்று கையையும் இழுத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். குங்குமம் அப்படித் தெறித்தால் வருடம் நன்றாக இருக்கும் என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாஸ்கர் மெல்ல, "அண்ணா, மெஷின நிறுத்துங்கண்ணா" என்றாராம். அதற்கும் கை தட்டியிருக்கிறார்கள்.

கார் வந்து நின்றது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தது. பாஸ்கர் வலது கையை ஒரு டவலில் சுற்றி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முப்பது வயதுக்காரர். தலை முதல் கால் வரை சிவப்பு. எது குங்குமம், எது ரத்தம் என்று துடைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ரத்தம் நின்றிருந்தது. வலது கட்டைவிரல் அடியோடு இல்லை.

மற்ற நான்கு விரல்களில் ஒன்று போனால் மீதி மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். கட்டைவிரல் போனால் மற்ற நான்கும் வேலையில்லாப் பட்டதாரிகள். உங்களுக்கே தெரியும். அதனால் கட்டைவிரல் கிடைத்தால் ஒட்டவைக்காமல் விடுவதில்லை. ஆனால் கிடைக்க வேண்டுமே.

பட்டறையில் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் முதலாளியின் போனில் நானே பேசினேன். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். கைபேசி வந்துவிட்ட காலம்தான், ஆனால் படம் எடுத்து உடனே அனுப்பிப் பார்க்கிற வசதி எங்கள் யாரிடமும் இல்லை. சிறிது நேரத்தில், "கெடச்சிடுச்சி சார்! கொண்டாந்துகினு கீறோம்!" என்று போன் வந்தது.

ஆஸ்பத்திரி சுறுசுறுப்பானது. மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். நான் மைக்ராஸ்கோப்பைக் கேட்டேன்.

"சார், அது பூஜைல இருக்கு" என்றார் சிஸ்டர்.

"தெரியுது சிஸ்டர். மாலையை எடுத்துட்டுக் கொண்டாங்க."

"பூஜைல வெச்சத எப்படி சார் எடுக்கறது? நாளைக்கிக் காலைல புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"அதுவரைக்கும் விரல் தாங்காது."

சிஸ்டர் யோசித்தார். சாமி விஷயத்தில் வளைந்துகொடுக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. "வடக்குப் பக்கமா லேசா நகத்திட்டா பூஜை முடிஞ்ச கணக்கு சார். வடக்கு எது?"

ஜன்னல் இல்லாத தியேட்டரில் வடக்கு யாருக்குத் தெரியும்? நான் ஒரு பக்கம் காட்டினேன், மயக்க மருந்து டாக்டர் இன்னொரு பக்கம் காட்டினார். கடைசியில் வார்டு பையன் ஒருவன், பல்லாவரம் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துத் தீர்த்துவைத்தான். மைக்ராஸ்கோப்பைப் பல்லாவரத்தை நோக்கி ஒரு சாண் தள்ளினோம். நெற்றிக் குங்குமத்தைத் துடைக்கும்போது சிஸ்டர் கண்ணை மூடி ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். என் சார்பாகத்தான் இருக்கும்.

பைக்கில் பார்சல் வந்தது. பிரித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பெட்டியில் ஐஸ், ஐஸ் மேல் இறுக்கிக் கட்டிய பாலிதீன் பை, அதற்குள் வெள்ளை ஈரத்துணி. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு பார்சல் அதற்கு முன்னால் வந்ததில்லை. 'பார்த்தீர்களா, திரும்பத் திரும்பச் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள்' என்று அங்கே இருந்த இளைய டாக்டர்களுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். நான் பேசிக்கொண்டிருக்க, சிஸ்டர் துணியைப் பிரித்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சார்."

"சொல்லுங்க."

"இதுல விதை இருக்கு சார்."

குங்குமத்தில் ஊறிய பூசணித் துண்டு. அளவு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். ஆளுக்கு ஆள் சோர்ந்துபோன நேரம். தவறான முடிவுகள் வெறியில் எடுக்கப்படுவதில்லை, பிள்ளைகளே. சோர்வில்தான் எடுக்கப்படுகின்றன. அப்போது அவை விவேகம் மாதிரியே இருக்கும்.

முதலாளி பாஸ்கரின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "விடுங்க டாக்டர். மூடித் தச்சிடுங்க. இனிமே எங்க கிடைக்கப் போகுது? இவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. நான் பாத்துக்கிறேன். என்னப்பா?"

"ஆமா சார்" என்றார் பாஸ்கர். "மூடிடுங்க. பரவால்ல."

"பேஷண்டே சொல்லிட்டாரே" என்றார் மயக்க மருந்து டாக்டர். பை மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது. அவரைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மூடித் தைப்பது சின்ன வேலை. வீட்டில் சுண்டல் காத்திருந்தது. நோயாளி முழு நினைவோடு, தெளிவாக, சாட்சிகள் முன்னிலையில் சம்மதித்துவிட்டார். சட்டம், தர்மம், சுண்டல் மூன்றும் ஒரே பக்கம் நின்றன.

அப்போதுதான் பாஸ்கரின் மனைவி அமுதா வந்து சேர்ந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர், வாசலில் ஆரம்பித்த கேள்வியை என் முன்னால் வந்து முடித்தார்.

"மூடிட்டா மூடினதுதானே சார்? அப்பால வெரலு கெடச்சா இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"ரத்தம் நின்னுகீதா?"

"நின்னிருக்கு."

"உசுருக்கு எதுனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப இன்னா அவசரம்? குந்துங்க சார்."

உட்கார்ந்தேன். எந்தப் பேராசிரியரும் எனக்கு அதைவிட நல்ல ஆலோசனை சொன்னதில்லை. உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாஸ்கர் 'பரவால்ல' என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார். சொன்னபோது பார்த்தது முதலாளியை.

"நீங்களே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றேன் முதலாளியிடம். "பசங்களுக்குப் பதற்றம். உங்க பட்டறை, உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

"நானா? டாக்டர், இன்னிக்கு வீட்ல பூஜை..."

"உங்க வீட்டுப் பிள்ளைன்னீங்களே."

அவர் போனார். வாழைக்கன்று ஆடிக்கொண்டே கார் தெற்கே திரும்பியது. நான்கு நாள் லீவுக்குச் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அமுதாவையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு பாஸ்கரிடம் கேட்டேன். "இப்ப சொல்லுங்க. மூடிடலாமா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெரலு வேணும் சார்."

"அப்ப ஏன் மூடச் சொன்னீங்க?"

"அவுரு வண்டி சீட்டெல்லாம் ரத்தமாயிடிச்சி சார். இன்னிக்கித்தான் கழுவிப் பொட்டு வெச்சாங்க. வூட்ல வேற பூஜ. எவ்ளோதான் பேஜார் குடுக்கறது?"

கையில் கட்டைவிரல் இல்லாமல் படுத்திருக்கிற மனிதர், கார் சீட்டுக்காக இன்னொரு முறை கையைக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதற்கு நான் 'நோயாளியின் சம்மதம்' என்று பெயர் வைத்து எழுத இருந்தேன். சம்பளம் கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது நம் ஊரில் 'சரி' என்பது பதில் அல்ல, வணக்கம். வணக்கத்தை வைத்துக்கொண்டு அறுவை செய்யாதீர்கள்.

காத்திருந்தோம். விரல் இப்போதும் எங்கேயோ வெதுவெதுப்பாகக் கிடந்து கெட்டுக்கொண்டிருந்தது. முதலாளியின் போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"டாக்டர், பெருங்களத்தூர் தாண்டல."

"டாக்டர், வண்டலூர். நகரவே மாட்டேங்குது. பஸ் மேலல்லாம் ஆளு."

கூடுவாஞ்சேரியில் காரை ஓரம் கட்டிவிட்டு, எவனோ முன்பின் தெரியாத பையனின் பைக்கில் பட்டு வேட்டியோடு ஏறிவிட்டதாகச் சொன்னார். அதிலிருந்து எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வர ஆரம்பித்தது. மயக்க மருந்து டாக்டர் வராந்தாவில் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது சரி. திரும்பி வந்தபோது பை தோளில் இல்லை.

"வண்டி போயிடுச்சா?" என்றேன்.

"வண்டியும் போச்சு, வண்டியில அவளும் போயிட்டா" என்றார். "இனிமே விரல் வந்தே ஆகணும்."

கடைசியில் அந்த போன் வந்தது. முதலாளிதான்.

"டாக்டர், உள்ள பூரா சலிச்சாச்சு. மரத்தூள்கூட அள்ளிப் பாத்தாச்சு. ஒரு விஷயம். அறுத்த பூசணிக்காய் ரெண்டு பாதியையும் ஒருத்தன் கொண்டுபோய் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வெச்சிருக்கான்."

"எப்ப?"

"அப்பவேதான். பாஸ்கர் தன் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கறான், அவன் பூசணிக்காய எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். சாஸ்திரம் பாதில நின்னா ஆகாதாம். ஒரு பாதி மேல சூடம் வேற ஏத்தியிருக்கான்."

"உள்ள பாத்தீங்களா?"

"யாரும் தொட மாட்டேங்கறானுங்க டாக்டர். திருஷ்டி கழிச்சது. தொட்டா அவங்க மேல வந்துடுமாம்."

இவ்வளவு நேரமும் தேடிய அத்தனை பேரும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார்கள். காலில் படாமல் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறார்கள். கவனமாக.

"நீங்க தொடலாமே" என்றேன்.

போனில் சிங்கப்பெருமாள் கோவில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

"டாக்டர்... இடது கையால தொட்டாப் பரவால்லியா?"

"எந்தக் கையால வேணா தொடுங்க."

பூசணிக்காயைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல். அதற்கு முன்னும் பின்னும் நான் எந்த முதலாளியும் அப்படி அலறிக் கேட்டதில்லை. "இருக்கு டாக்டர்! இருக்கு! சூடம் இல்லாத பாதியில!"

ஐஸுக்கு எங்கே போனார் என்று கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெங்காயம்கூடத் தொடாத அந்த மனிதர், பக்கத்து மார்க்கெட்டில் மீன்கார அம்மாவிடம் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, பட்டு அங்கவஸ்திரத்தைக் கிழித்து நனைத்து, விரலைச் சுற்றி, பையில் கட்டி, மீன் வாசனையோடு மடியில் வைத்துக்கொண்டு அதே பைக்கில் வந்து இறங்கினார். வடக்கே வரும் ரோடு காலியாக இருந்தது. அன்று யாருக்கும் சென்னை தேவைப்படவில்லை.

தையலைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. குங்குமத்தைக் கழுவுவதற்கே பெரும்பாடு பட்டோம். ரத்தக்குழாயை இணைத்துவிட்டுக் காத்திருந்தபோது விரல் நுனி மெல்லச் சிவந்தது. "சார், நிறம் வந்துடுச்சு" என்றார் சிஸ்டர். உடனே சந்தேகம் வந்து பஞ்சால் ஒரு தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். சிவப்பு போகவில்லை. விரல்தான் சிவந்திருந்தது.

இதோடு முடித்தால் இது நல்ல கதை. நானும் பல மாதங்கள் இதோடுதான் முடித்துக்கொண்டிருந்தேன்.

விரல் பிழைத்தது. பாஸ்கரைப் பட்டறையில் கணக்கர் பக்கத்தில் உட்காரும் வேலைக்கு மாற்றினார்கள். யார் வந்தாலும் முதலாளி, "பாஸ்கர், காட்டுப்பா" என்பார். பாஸ்கர் கட்டைவிரலைக் காட்டுவார். எனக்கு அது கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது. நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. காட்டாங்குளத்தூர் பக்கம் கை அறுவை டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு அவரை அழைத்துப்போய், மேடையில் உட்காரவைத்து, பெரிய திரையில் படம் போட்டு, "பாஸ்கர், காட்டுங்க" என்றேன். மரியாதையாக.

கை தட்டினார்கள். முன்வரிசையில் மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். வெள்ளை முடி, பருத்திப் புடவை, ஒரு பாராட்டும் வாங்கத் தெரியாத முகம். "பாஸ்கர், விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா கீது மேடம்." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாளும் என்னைப் பார்த்தார். "டாக்டர், வெளிய டீ நல்லாயிருக்குன்னாங்க. நீங்க ஒண்ணு குடிச்சிட்டு வாங்களேன்."

என் மேடையிலிருந்து என்னை அனுப்பினார்கள். டீ சுமார்தான். நான் திரும்பி வந்ததும், அந்த அம்மாள் எல்லோர் முன்னாலும் சொல்லாமல், என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மடக்க வரலையாம். அதனாலதான் எப்பவும் டி-ஷர்ட். பட்டன் போட முடியாது. கூட்டத்துக்குன்னு இன்னிக்குப் போட்டிருக்கிற சட்டைக்கு அவர் சம்சாரம் போட்டுவிட்டாங்களாம். குளிர்ல வலி வேற. ஏன் டாக்டர்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சார் அவ்ளோ சந்தோஷமா கீறாரு, இன்னாத்துக்குக் கெடுக்கணும்னார்."

விரல் உயிரோடு இருந்தது. வேலை செய்யவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே நான் மாதாமாதம் 'முன்னேற்றம் நன்று' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உள்ளே ஒட்டிக்கிடந்த தசைநாரை விடுவிக்கிற சின்ன அறுவைதான். அவர் முன்பே வாய் திறந்திருந்தால் முன்பே செய்திருக்கலாம். அவர் வாயைத் திறக்க முடியாமல் நடுவில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பரிசோதனைக்கு வந்தார். அமுதா கூட வரவில்லை. சிஸ்டர் மட்டும் அறையில் இருந்தார். வழக்கம்போல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்டேன்: "எப்படி இருக்கு பாஸ்கர்?"

அவர் என்னைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றார்.

போனேன். கான்டீன் வரைக்கும் போய், பாதி டீயில் பொறுக்கமுடியாமல் திரும்பி வந்தேன். பாஸ்கர் கட்டிலில் உட்கார்ந்து சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். கீழேயிருந்து மூன்று முடிந்திருந்தது. நான்காவது, துளைக்குள் பாதி போவதும் வழுக்கி வெளியே வருவதுமாக இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. என் கை தானாக அந்த பட்டனை நோக்கி நீண்டது.

"கிட்ட வராதீங்க சார்" என்றார்.